பல்லடம் மில்லுக்கு ஜிபிஎஸ் டைம் சர்வர்: எதில் செலவு செய்யவேண்டும், எதில் வேண்டாம்

கேட்டிருப்பது இது. பல்லடம் பக்கத்தில் ஒரு ஸ்பின்னிங் மில், மூன்று ஷிப்ட் ஓடுகிறது. கேமரா ரெக்கார்டர், பஞ்ச் மெஷின், எடை மேடை, ஈபி லோடைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் என்று நான்கு இடத்தில் நான்கு நேரம் காட்டுகிறது. ரோடு தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்து இன்டர்நெட் போய்விடுகிறது. சாட்டிலைட்டிலிருந்து நேரம் எடுத்துத் தரும் டைம் சர்வருக்கு லட்சக்கணக்கில் கொட்டேஷன் வந்திருக்கிறது. இதையே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து நாமே செய்ய முடியுமா? செய்தால் ஆடிட்டில் செல்லுமா?

முடியும். சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு வேலைக்கும் ஒரு நொடிக்குள் நேரம் ஒத்துப்போனாலே தாராளம். பை வைத்துச் செய்தால் அந்தப் பெட்டிக்குள் மைக்ரோ நொடிக் கணக்கில் நேரம் நிற்கும். அது உங்கள் தேவையைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். அதனால் துல்லியத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நேரம் தெரியாதபோது தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாத ஒரு சர்வர்தான் உங்களுக்குத் தேவை. கீழே நான் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான்.

நேரம் ஏன் விலகுகிறது என்பது எளிய கணக்கு. எந்தப் பெட்டியானாலும் உள்ளே இருப்பது ஒரு சாதாரணக் குவார்ட்ஸ் படிகம். அது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல். ஒரு பெட்டி முந்தும், இன்னொன்று பிந்தும். யாரும் கை வைக்காமலே வருஷக் கடைசியில் இரண்டுக்கும் நடுவே 20 நிமிஷம் விழுந்துவிடும். அவிநாசிப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு லோடு எடையில் தகராறு வந்தது. எடைச் சீட்டில் 10.42 என்று இருந்தது, கேமராவில் 10.42-ஐப் போட்டுப் பார்த்தால் மேடை காலியாகக் கிடக்கிறது. லாரி 10.31 பதிவில் நிற்கிறது. எடையும் சரி, பதிவும் சரி, நேரம் மட்டும் ஒட்டவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக இரண்டு ஆதாரமும் செல்லாமல் போனது.

ஈபி விஷயம் இன்னும் நேரடியாகப் பணத்தைத் தொடும். எச்டி (உயர் அழுத்த இணைப்பு) மீட்டர், கட்டணம் கூடும் பீக் ஹவரைத் தன் கடிகாரப்படிதான் கணக்கிடும். உங்கள் கம்ப்யூட்டர் நான்கு நிமிஷம் பிந்தியிருந்தால், பீக் தொடங்கி நான்கு நிமிஷம் கழித்துத்தான் லோடைக் குறைப்பீர்கள். காலையும் மாலையும், தினமும். ஈபி மீட்டரை நாம் தொடமுடியாது, தொடவும் கூடாது. ஆனால் நம் நேரம் நம்பிக்கையானது என்றால் மீட்டர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப லோடை மாற்றிக்கொள்ளலாம். விலகல் பெரிதாக இருந்தால் எழுதிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

இனி வேலைக்கு வருவோம். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ரிசீவர் தன் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்கு சாட்டிலைட் தெரியவேண்டும். நேரத்துக்கென்றே செய்த டைமிங் ரிசீவர் என்றால், தன் இடத்தை ஒருமுறை அளந்து பதித்துக்கொண்டபின் ஒரே ஒரு சாட்டிலைட் தெரிந்தாலும் நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வானம் நன்றாகத் தெரியும் மில் கூரையில் சாதாரண ஜிபிஎஸ் மாட்யூலே (சின்ன ரிசீவர் போர்டு) போதும். இந்தியாவின் சொந்தச் சாட்டிலைட் அமைப்பான நாவிக், ஜிபிஎஸ் பயன்படுத்தும் எல்1 அலைவரிசைக்கு வந்தது 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01 சாட்டிலைட்டிலிருந்துதான். அதில் இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரமும் இருக்கிறது. நாவிக்கும் எடுக்கும் மாட்யூல் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாட்யூல் வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் பின் வெளியே வந்திருக்கிறதா? கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நியோ-6எம் போர்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு பின்தான் இருக்கும்: பவர், கிரவுண்ட், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. பிபிஎஸ் ஒரு சின்ன எல்இடியோடு நின்றுவிடும். விளக்கு நொடிக்கு ஒருமுறை அழகாகச் சிமிட்டும், நமக்குப் பயனில்லை. ஐந்து பின் உள்ள எம்8 வகை போர்டை வாங்குங்கள். யுஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். துடிப்பு வராது, நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

துடிப்புக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், மாட்யூல் சீரியல் வழியாக அனுப்பும் நேரம் வரி வரியாக எழுத்தில் வருகிறது. அந்த வரி வந்து சேரும்போது நொடி தொடங்கி நூறு, இருநூறு மில்லி நொடி ஆகியிருக்கும். அதுவும் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவாக இருக்காது. பிபிஎஸ் துடிப்போ நொடி பிறக்கும் அதே கணத்தில், நூறு நானோ நொடிக்குள் எழும். ஆனால் அது எந்த நொடி என்று துடிப்புக்குத் தெரியாது. பழைய மில் சங்கு மாதிரி: ஊதும் கணம் கச்சிதம், அது ஆறு மணிச் சங்கா எட்டு மணிச் சங்கா என்பதை நாம்தான் வேறு வழியில் தெரிந்துகொள்ளவேண்டும். எந்த நொடி என்பதை எழுத்து வரி சொல்லும், எப்போது என்பதைத் துடிப்பு சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பூட்டுவதுதான் இந்த வேலையின் உயிர்நிலை.

அந்தப் பூட்டு தவறும் இடம் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. சீரியல் வேகம் 9600 என்றால் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். இப்போதைய மாட்யூல்கள் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ என்று பல நாட்டுச் சாட்டிலைட்டுகளையும் எடுத்து, தெரிகிற ஒவ்வொரு சாட்டிலைட்டைப் பற்றியும் வரி எழுதும். அறுநூறு, எழுநூறு எழுத்து ஆகிவிட்டால், மொத்தமும் வந்து முடிய முக்கால் நொடி ஆகும். அரை நொடியைத் தாண்டினால் மென்பொருள் அடுத்த துடிப்போடு சேர்த்துவிடும். சரியாக ஒரு முழு நொடி பிசகும். காட்டும் துல்லியமோ மைக்ரோ நொடியில் இருக்கும்! ஆகவே சாட்டிலைட் பட்டியல் வரிகளை நிறுத்திவிட்டு, நேரமும் தேதியும் வரும் வரியை மட்டும் விடுங்கள். அல்லது சீரியல் வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

பையில் துடிப்பை 12-ஆம் பின்னில் கொடுப்பது வழக்கம். அதுதான் ஜிபிஐஓ 18. மாட்யூல் 3.3 வோல்ட் துடிப்புதான் தருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். 5 வோல்ட் போனால் பின் போய்விடும். சீரியலில் ஓடும் கன்சோலை நிறுத்தவேண்டும், புளூடூத்தையும் நிறுத்திவிடுங்கள். நல்ல சீரியல் போர்ட்டை அதுதான் பிடித்து வைத்திருக்கும். பை 3 வேண்டாம், பை 4 எடுங்கள். 3-ல் நெட்வொர்க்கே யுஎஸ்பி வழியாகத்தான் போகிறது. துடிப்பு வருகிறதா என்று பார்க்க பிபிஎஸ்டெஸ்ட் என்ற சின்னக் கருவி உண்டு. நொடிக்கு ஒரு வரி ஓடவேண்டும். எல்லாம் சரியாகி, இன்டர்நெட் சர்வரோடு ஒப்பிடும்போது சரியாக 0.1 நொடி மட்டும் தள்ளி நின்றால், துடிப்பு எழும் விளிம்புக்குப் பதில் விழும் விளிம்பைப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். எம்8 வகையில் துடிப்பின் நீளமே 100 மில்லி நொடிதான்.

அப்புறம் ஆன்டெனா. செலவையும் கவனத்தையும் இங்கேதான் கொட்டவேண்டும். சர்வர் ரூம் ஜன்னலோரம் வைத்தால் வேலை செய்வதுபோல் இருக்கும், பிறகு ஒரு நாள் காலை வாரும். தகரக் கூரைக்குக் கீழே வைப்பது வீண். கூரைக்கு மேல் ஏற்றுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகளில் தெற்கு வானம் தெரியவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்கு. நாம் இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில். ஜிபிஎஸ் சுற்றுப்பாதைகள் 55 டிகிரி சாய்ந்தவை என்பதால் நமக்குத் தலைக்கு மேலேயே சாட்டிலைட் நிறையப் போகும்; வடக்கே மட்டும், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி வரை நேர் வடக்கில் ஒன்றும் வராது. அதனால் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் இருந்தால் அதற்குத் தெற்கே ஆன்டெனாவை வையுங்கள். டேங்க் மறைப்பது எப்படியும் காலியான வானத்தைத்தான். தென்னை மரத்தடி வேண்டாம். நனைந்த மட்டை சிக்னலைக் குடித்துவிடும்.

கேபிளுக்கு அலையவேண்டாம். ஜிபிஎஸ் எல்1 வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில். வீட்டு டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி-6 கேபிள் 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவரத்தான் செய்யப்பட்டது. 75 ஓம், 50 ஓம் என்ற பொருத்தமின்மை ரிசீவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பல்லடத்தில் எந்த டிஷ் கடையிலும் கிடைக்கும். நல்ல செம்புக் கம்பியாகப் பார்த்து வாங்கி, இரண்டு முனைக்கும் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டெனாவோடு வரும் மெல்லிய ஒயரை மட்டும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள், மீட்டருக்கு ஒரு டெசிபல் தின்றுவிடும். ஆர்ஜி-6-ல் 30 மீட்டர் ஓட்டினால் நேரத் தாமதம் 120 நானோ நொடி போல. நம் வேலைக்கு அது கணக்கிலேயே இல்லை.

இடிக்குப் பாதுகாப்பு அவசியம். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இந்தப் பக்கம் விழும் இடி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆன்டெனா கூரையின் உச்சிப் பொருளாக இருக்கக்கூடாது. இடிதாங்கியைவிடத் தாழ்வாக, அதன் காப்புக்குள் இருக்கட்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் போட்டு, அதைக் கட்டடத்தின் பொது எர்த்தோடு சேருங்கள், தனி எர்த் வேண்டாம். நான் இன்னொன்றும் செய்யச் சொல்வேன்: பைக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே இரண்டு மீடியா கன்வெர்ட்டர் போட்டு ஒரு மீட்டர் ஃபைபராக்கிவிடுங்கள். ஆன்டெனா வழியாக ஏதாவது வந்தாலும் பை மட்டும்தான் போகும், மில் நெட்வொர்க் தப்பிக்கும்.

பைப் பெட்டியை டிபார்ட்மென்ட்டுக்குள் வைக்காதீர்கள், பஞ்சு பறந்து அடைத்துவிடும். ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். படிகத்தின் வேகம் சூட்டைப் பொறுத்து மாறும். பையில் நேரத்தைப் பிடிக்கும் மென்பொருளான குரோனியின் பதிவில் வேகத் திருத்தத்தை வரைபடமாகப் போட்டால், ஏசி கம்ப்ரஸர் ஓடி நிற்பதெல்லாம் அலை அலையாகத் தெரியும். மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்தால் அந்த அலை தணியும்.

மென்பொருள் பாகம் சுருக்கமானதுதான். ஜிபிஎஸ்டி மாட்யூலைப் படிக்கும். குரோனி நேரத்தைப் பிடித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும். குரோனியில் எழுத்து வரியை ஒரு மூலமாகவும் பிபிஎஸ்ஸை இன்னொரு மூலமாகவும் எழுதி, பிபிஎஸ்ஸை எழுத்து வரியோடு பூட்டவேண்டும். எழுத்து வரியைத் தேர்வு செய்யக்கூடாது என்று குறித்துவிடுங்கள். அது நொடி எண் சொல்ல மட்டும். இன்டர்நெட் இருக்கும் ஒரு நாளில் எழுத்து வரி எவ்வளவு தாமதம் என்று பார்த்து அந்த எண்ணைத் திருத்தமாகக் கொடுங்கள். மூலங்களின் பட்டியலில் பிபிஎஸ்ஸுக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்தால் பூட்டிவிட்டது. உங்கள் பை அடுக்கு 1 (மூலத்திடமே நேரம் எடுக்கும் சர்வர்) ஆகிவிட்டது, அதைக் கேட்பவை அடுக்கு 2.

முதல்முறை போட்டவுடன் அவசரப்படாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-ல் தொடங்கி, பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் லீப் நொடியைச் சேர்க்காமல் ஓடுகிறது. 2017 ஜனவரி 1 முதல் அது உலக நேரத்தைவிட (யூடிசி) 18 நொடி முந்தியிருக்கிறது. அந்த 18 என்ற எண் சாட்டிலைட் செய்தியில் 12½ நிமிஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அது வரும்வரை மாட்யூல் தன் பழைய நினைவில் உள்ள எண்ணை வைத்துச் சொல்லும். இரண்டு மூன்று நொடி தப்பாக இருக்கலாம். கால் மணி நேரமாவது விட்டுப் பிறகு பாருங்கள். தேதியே ஏறக்குறைய 19½ வருஷம் பின்னால் காட்டினால் மாட்யூல் பழசு: சாட்டிலைட் அனுப்பும் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில்.

இப்போது முதலில் சொன்ன முக்கிய விஷயம். குரோனி அமைப்பில் 'லோக்கல்' என்று ஒரு வரி உண்டு. எந்த மூலமும் இல்லாவிட்டாலும் என் நேரத்தைக் கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்வது அது. பல வழிகாட்டிகளில் பார்த்து எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். பை 4-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து மறுபடி எழும்போது, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் அது தொடங்கும். அன்று ஆன்டெனா கேபிளை எலி கடித்திருந்தால்? பை மூன்று மணி நேரம் பின்னால் உள்ள நேரத்தை, லோக்கல் என்ற ஒரு வரியின் பலத்தில், மில் முழுக்கக் கொடுக்கும். எல்லாக் கடிகாரமும் ஒன்றுபோல் தப்பாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஒன்று மிஞ்சாது. அந்த வரியை எழுதவே வேண்டாம். அது இல்லாவிட்டால் பை தனக்கு நேரம் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லும், மற்றவை தங்கள் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நொடிதான் நஷ்டம். கூடவே டிஎஸ்3231 பேட்டரிக் கடிகாரம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் பிசகும்.

ஆடிட் கேள்விக்கு வருகிறேன். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கம்ப்யூட்டர் கடிகாரங்கள் என்ஐசி (தேசிய தகவல் மையம்) அல்லது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்பு காட்டக்கூடிய சர்வர்களோடு இணைந்திருக்கவேண்டும் என்கிறது. 180 நாள் பதிவுகளையும் வைத்திருக்கச் சொல்கிறது. வெறும் ஜிபிஎஸ் மட்டும் இருந்தால் எழுத்துப்படி அது போதாது என்று ஆடிட்டர் சொல்லலாம். அதனால் என்ஐசியின் சமய் சர்வர்கள் இரண்டையும், ஆய்வகத்தின் சர்வரையும் குரோனியில் கூடுதல் மூலங்களாகச் சேர்த்துவிடுங்கள். இன்டர்நெட் இருக்கும்போதெல்லாம் ஜிபிஎஸ்ஸுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவுதான் உங்கள் அத்தாட்சி. ஒரு முழு நொடிப் பிசகு வந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மற்ற பெட்டிகளுக்கு: விண்டோஸ் டொமைன் இருந்தால் தலைமை கன்ட்ரோலரை மட்டும் பைக்குத் திருப்புங்கள், மற்றவை அதைப் பின்பற்றும். கேமராக்களை ரெக்கார்டரிடமிருந்து நேரம் எடுக்கவிடுங்கள். நேர சர்வர் கொடுப்பது உலக நேரத்தை, 5.30 கூட்டுவது அந்தந்தப் பெட்டியின் வேலை. இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் ரெக்கார்டரைப் பார்த்தால் பை மேல் சந்தேகப்படாதீர்கள், அது சீன நேரமான கூட்டல் 8-லேயே விடப்பட்டிருக்கிறது. பஞ்ச் மெஷின் பழசாக இருந்து நேர சர்வர் கேட்கும் வசதி இல்லையென்றால், அதன் கம்ப்யூட்டரைப் பையோடு இணைத்து, மெஷினுக்கு அங்கிருந்து நேரம் தள்ளும்படி வையுங்கள். அதை அரை நைட் ஷிப்ட் முடியும் நேரத்தில் செய்யாதீர்கள். பஞ்ச் இரண்டு தடவை விழுந்து சம்பளக் கணக்கில் வந்து நிற்கும். பையை இன்டர்நெட்டுக்குத் திறக்கவும் வேண்டாம். நேரம் கேட்கும் 123-ஆம் போர்ட் மில் நெட்வொர்க்குக்கு உள்ளே மட்டும்.

கடைசியில் ஆன்டெனா கேபிளை நீங்களே கழற்றிப் பாருங்கள். இன்டர்நெட்டையும் நிறுத்துங்கள். குரோனி காட்டும் பிழை வரம்பு மெல்ல மெல்ல ஏறவேண்டும். பிறகு பையை அணைத்து ஆன்டெனா இல்லாமலே எழுப்புங்கள். யார் கேட்டாலும் அது நேரம் கொடுக்கக்கூடாது. லட்ச ரூபாய்ப் பெட்டியை விற்க வருபவரிடமும் இதே சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் உண்மையான பலம் உள்ளே இருக்கும் நல்ல படிகம், ஆன்டெனா போனாலும் பல நாள் நேரத்தைத் தாங்கும். சப்ஸ்டேஷன், டேட்டா சென்டர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவை. மூன்று ஷிப்ட் மில்லுக்கு நான் வாங்கச் சொல்லமாட்டேன். அதற்குப் பதில் இரண்டாவது பை ஒன்றைத் தனி ஆன்டெனாவோடு ஆபீஸ் கட்டடத்தில் வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று கவனிக்கட்டும்.